மூக்கம்மாவுக்குச் சளி பிடித்த வாரம்

எங்கள் சுங்க அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் துணி மேசை என்று ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் மூக்கம்மா. நேரில் அப்படிக் கூப்பிட எவனுக்கும் துணிச்சல் கிடையாது. நேரில் 'மேடம்'தான். படியிறங்கியதும், "மூக்கம்மா இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" என்று கேட்போம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் உடுப்பு எதுவானாலும், சட்டையோ பாவாடையோ கைக்குழந்தையின் ஜட்டியோ, அதை முதலில் எடுத்து மோந்து பார்ப்பார். மூக்கு முடிந்த பிறகுதான் கண். கண் முடிந்த பிறகுதான் நாங்கள் நீட்டும் காகிதம்.

நான் கிளியரிங் ஏஜெண்ட். கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் எழுதி, சுங்கத்தில் காட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது துளியும் இல்லை. கவுண்டர் கவுண்டராக நின்று கத்தியே பாதி முடி கொட்டிவிட்டது. அப்படிப்பட்டவன் ஒரு அதிகாரியைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் எங்கள் சங்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வேலை விளங்காது. பருத்திச் சட்டை வந்தால் பருத்திச் சட்டை என்று எழுதி வரியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். வரிப் புத்தகம் அவ்வளவு லேசில் விடாது. தறியில் நெய்த துணியா, பனியன் மாதிரிப் பின்னிய துணியா என்று முதலில் கேட்கும். நெய்ததற்கு ஒரு அத்தியாயம், பின்னியதற்கு வேறு அத்தியாயம். பருத்தியோடு வேறு நூல் கலந்திருந்தால் எடையில் எது கூடுதல் என்று கேட்கும். ஆணுக்கா பெண்ணுக்கா, போட்டுக்கொண்டு வெளியே போவதற்கா வீட்டில் படுத்துத் தூங்குவதற்கா, புதியதா யாரோ போட்டுக் கழற்றியதா என்று அடுக்கிக்கொண்டே போகும். பதில் மாறினால் எண் மாறும், எண் மாறினால் வரி மாறும்.

ஒரு முறை நான் ஒரு பருத்தி ஜாக்கெட்டைக் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கட்டம். முன்பக்கம் மூடும்போது இடப்பாதி வலப்பாதியின் மேல் வந்தால் ஆண் உடுப்பு, வலப்பாதி மேலே வந்தால் பெண் உடுப்பு என்பது விதி. இடப்பாதிதான் மேலே வந்தது. நான் 'ஆண்' என்று எழுதியிருந்தேன். மூக்கம்மா மோந்தார், தடவினார், பிறகு ஜாக்கெட்டை உள்வெளியாகப் புரட்டி நாற்காலி முதுகில் மாட்டிப் பொத்தானைப் போட்டார். இப்போது வலப்பாதி மேலே வந்து நின்றது.

"சொல்லுங்க ஏஜெண்ட் சார். இது ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும்தான் மேடம்."

"ரெண்டும்னு புத்தகத்துல எண் இல்லை. எதுன்னு சொல்ல முடியலன்னா பொம்பளைங்க உடுப்புல சேக்கணும்னு போட்டிருக்கு."

"அது ஏன் மேடம் அப்படி?"

"நீங்க முடிவு பண்ண முடியாம விடுறதெல்லாம் கடைசில எங்க தலையிலதானே வந்து விழுது?" என்றார், சிரிக்காமல். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் காட்டிய விதியைப் பிரித்துப் படித்தால் அச்சு அசலாக அப்படியே இருந்தது.

மோப்பம் அவருக்கு அம்மா வழிச் சொத்து. அவருடைய அம்மா பழைய துணிக் கிடங்கில் வேலை பார்த்தவர். மூட்டை மூட்டையாக வந்து விழும் பழந்துணிகளைத் தரம் பிரிக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் இவர் நேரே அங்கேதான் போவாராம். துணிக்குவியல் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாராம். துவைத்து வைத்தது, துவைக்காமல் வைத்தது, கடையில் தொங்கித் தொங்கியே பழசானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகியது அங்கேதான். பழைய துணியைப் புதிது என்று எழுதிக் கொண்டுவருகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. அவர்களுக்கெல்லாம் இவர் மூக்கு எமன்.

தட்டச்சு வேலையில்தான் சேர்ந்தார். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு துறைத் தேர்வு எழுதி மேலே வந்தவர். அப்போது எல்லோருக்கும் கார் மேசையும் இயந்திர மேசையும்தான் வேண்டும். பொம்பளைதானே, துணி பார்க்கட்டும் என்று இவரைத் துணி மேசையில் தள்ளிவிட்டார்கள். இன்று மற்றத் துறைமுகங்களிலிருந்து போன் போட்டு, "மேடம், ஒரு பைஜாமா விஷயம்" என்று இழுக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். காலையில் என் மனைவியும் அவரும் ஒன்றாக நடக்கப் போவார்கள். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை விட்டு வந்தால் மனிதர் நேரே குளியலறைக்குத்தான் போவார். இல்லாவிட்டால் எந்த பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார் என்று மனைவி சொல்லிவிடுவாராம். மகள் அம்மாவோடு துணிக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். "கடைக்காரர் முன்னாடியே சட்டையைப் புரட்டி, 'இது தூங்கறப்போ போடறது, இதைப் போட்டுட்டா காலேஜ் போவே?'ன்னு கேக்கறாங்க ஆன்ட்டி. மானமே போச்சு" என்று என் மனைவியிடம் புலம்பினாள்.

தெருவில் பார்த்தால் என்னை 'அண்ணா' என்பார். அலுவலகப் படியேறிவிட்டால் நான் 'ஏஜெண்ட் சார்'. அங்கே அண்ணனும் கிடையாது, தங்கையும் கிடையாது. முதலில் எனக்கு இது திமிராகத்தான் பட்டது.

இனி என் மைத்துனன் கதைக்கு வருகிறேன். என் மனைவிக்கு ஒரே தம்பி. காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். கிடங்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையைப் பிடித்து, முதல் சரக்காகக் காலர் வைத்த பருத்திப் பனியன்களை இறக்குமதி செய்தான். நல்ல சரக்கு. தளர்வான பின்னல், காற்றோட்டமாக இருக்கும். காகிதம் எழுதியது நான். குடும்பச் சரக்கு என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன்.

இந்தப் பனியனில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலர் வைத்துப் பின்னிய பருத்தி உடுப்பைப் புத்தகம் உடனே சட்டை என்று ஒப்புக்கொள்ளாது. பின்னலின் கண்ணிகளை எண்ணச் சொல்லும். உள்ளங்கை அகலச் சதுரம் ஒன்றைக் குறித்து, குறுக்கிலும் நெடுக்கிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சென்டிமீட்டருக்குச் சராசரி பத்துக் கண்ணிக்குக் கீழே இருந்தால் அது சட்டை இல்லை. ஸ்வெட்டர் வகையோடு போய்ச் சேர வேண்டியது. ஒரு பக்கம் பத்தைத் தொட்டாலும் சட்டைதான். நான் லென்ஸை வைத்து எண்ணினேன். இரண்டு பக்கமும் பத்துக்குக் கீழேதான் வந்தது. சட்டை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

சட்டைக்கு வரி கூடுதல். வரியோடு போனால்கூடப் பரவாயில்லை. சட்டையைச் சட்டை இல்லை என்று எழுதினால் அது பொய் அறிவிப்பு. முதல் சரக்கிலேயே பொய் சொன்னவன் என்று பெயர் விழுந்துவிட்டால் இறக்குமதி உரிமத்தை முடக்கிவிடுவார்கள். பிறகு சின்னவன் கடையைச் சாத்திவிட்டுப் பழைய முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்த முதலாளி, இவன் வேலையை விட்டுப் போகும்போதே, "எப்படியும் இங்கதான் வருவே" என்று சொல்லி அனுப்பியவர்.

அந்த வாரம் பார்த்து மூக்கம்மாவுக்குச் சளி. மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கோத்து, கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"லீவு போடலாமே மேடம்."

"மூக்குதான் அடைச்சிருக்கு. வேலை அடைக்கலையே. குடுங்க."

மாதிரி அறையிலிருந்து பனியன் வந்தது. சரக்கிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்குச் சீட்டுக் கட்டி அந்த அறையில் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் பெட்டியண்ணன் என்போம். ஒப்பந்த ஊழியர். அவர் அடுக்கி வைத்தால் பெட்டிகூட இஸ்திரி போட்டது போல இருக்கும். மூக்கம்மா பனியனை மேசையில் விரித்தார். பழக்கத்தில் முகத்தருகே கொண்டுபோனார், ஒரு தும்மல் போட்டார், அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு லென்ஸை வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"நெடுக்குல பத்துக்கு மேல வருது ஏஜெண்ட் சார். இது சட்டை."

"மேடம், நான் எண்ணியிருக்கேன். ரெண்டு பக்கமும் கீழதான்."

"லென்ஸ் இந்தாங்க. எண்ணுங்க."

எண்ணினேன். பத்துக்கு மேல்தான் வந்தது. மறுபடி எண்ணினேன். அதேதான். "சரக்குல வேற எதையாவது எடுத்துப் பார்க்கலாமே" என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. அவர் 'சட்டை' என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸும் வந்துவிட்டது.

வீட்டில் பிரளயம்.

"மாமா, நிஜமா எண்ணினீங்களா? இல்ல குத்துமதிப்பா போட்டுட்டீங்களா?" என்றான் சின்னவன்.

"டேய், இத்தனை வருஷத்துல நான் குத்துமதிப்பா எதையாவது போட்டிருக்கேனா?"

"சாம்பாருக்கு உப்பு" என்றாள் என் மனைவி.

நான் மூக்கம்மாவைத் திட்டினேன். சளியை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்ததைத் திட்டினேன், அவர் வீட்டு வாசல் செடியைக்கூடத் திட்டினேன். சின்னவன் மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ தினம் அவங்ககூடத்தானே நடக்கறே. ஒரு வார்த்தை..."

"நான் அவகூட நடக்கறது என் சர்க்கரைக்கு. உன் சரக்குக்கு இல்லை." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் காலை வழக்கம்போல நடக்கப் போனாள். பேச்சு எடுக்கவே இல்லையாம். திரும்பி வந்ததும் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. தம்பியை நினைத்து அவளுக்கும் நெஞ்சு கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

விசாரணைக்கு முன்னால் மாதிரியை உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். ஏஜெண்டும் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றேன். மூக்கம்மாவுக்குச் சளி விட்டிருந்தது. பனியனை எடுத்தார். உறைக்குள் போடப் போனவர், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

"இதை மோந்து பாருங்க."

"நல்ல வாசனையாத்தான் இருக்கு மேடம்."

"அதான் கேக்கறேன். கப்பல்ல வந்த துணி ஏன் வாசனையா இருக்கு? அட்டைப்பெட்டி நாத்தம் எங்க? மொடமொடப்பு எங்க?"

பெட்டியண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றார். பனியனைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, இதைத் துவைச்சீங்களா?"

"மை கொட்டிடுச்சும்மா. முத்திரை மை. போன தடவை ஒரு மாதிரியக் கறையோட திருப்பிக் குடுத்தேன்னு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. அதான் சோப்புப் போட்டு அலசி, ஜன்னல்ல காயவெச்சு, இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சேன். புதுசு மாதிரிதாம்மா இருந்துச்சு."

பருத்தி தண்ணீர் பட்டால் சுருங்கும். சுருங்கினால் கண்ணிகள் நெருங்கும். நெருங்கினால் எண்ணிக்கை ஏறும். துவைத்த பனியன் சட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். வேறு ஊரில், வேறு வேலையில், ஒருவர் ஒரு பனியனைத் துவைத்துக் கொடுத்தால் நன்றி சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு மனிதனின் உரிமம் போகப் பார்த்தது.

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மேலதிகாரி வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைப் பார்த்துவிட்டு, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னார்.

"உத்தரவு போயாச்சும்மா. இறக்குமதிக்காரர் அப்பீல் பண்ணட்டும். அங்க சரியாயிடும். அடுத்த வாரம் தலைமைப் பதவிக்கு உங்க பேரைப் பார்க்கறாங்க. இந்த நேரத்துல உங்க உத்தரவை நீங்களே தப்புன்னு எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

துணி, தோல், செருப்பு மேசைகள் எல்லாவற்றுக்கும் தலைவர் பதவி அது. பொம்பளைதானே என்று தள்ளிவிடப்பட்ட மேசையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போவதற்கு அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

"அப்பீல் முடியற வரைக்கும் அந்தக் கடைக்காரர் பொய் சொன்னவர்தானே சார்?" என்றார் மூக்கம்மா.

"அது நடைமுறைம்மா."

"நான் மோந்து பார்க்காம எண்ணினது நடைமுறை இல்லை சார்."

மேலதிகாரி பெருமூச்சு விட்டார். "சரி, துவைச்சது யாரு? அவர் பேரையாவது எழுதுங்க."

பெட்டியண்ணன் சுவரோடு சுவராக நின்றார். ஒப்பந்த ஊழியர். பெயரை எழுதினால் மறுநாள் வேலை இருக்காது.

"துவைச்சது யாருங்கறது கேள்வி இல்லை சார். துவைச்ச துணியை எண்ணிக் கையெழுத்துப் போட்டது யாருங்கறதுதான் கேள்வி. அது நான். மாதிரி வந்தவுடனே போட்டுப் பத்திரமா வைக்க ஒரு உறை கிடையாது இந்த ஆபீஸ்ல. அதையும் எழுதறேன்."

எழுதினார். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். எழுதி முடித்துப் பேனாவை மூடியதும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்போது வந்த போனை எடுக்கவில்லை.

மறுநாள் துறைமுகக் கிடங்கில் சின்னவனின் பெட்டிகளைப் பிரித்தார்கள். வெவ்வேறு பெட்டியிலிருந்து பனியன்களை அவரே உருவினார். ஒவ்வொன்றையும் மோந்தார். பிறகுதான் லென்ஸ். எல்லாம் பத்துக்குக் கீழே. அதோடு விடவில்லை.

"இதுல ஒண்ணைத் துவைக்கலாமா?" என்று சின்னவனைக் கேட்டார்.

"மொத்தத்தையும் வேணாலும் துவைங்க மேடம்" என்றான் அவன்.

பெட்டியண்ணனின் அதே வாளி, அதே சோப்பு, அதே ஜன்னல். காய்ந்ததும் எல்லோர் முன்னாலும் எண்ணினார். நெடுக்கில் பத்தைத் தாண்டியது. மேலதிகாரியே லென்ஸை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பொய் அறிவிப்பு என்ற குற்றச்சாட்டு ரத்தாயிற்று. சின்னவன் கிடங்கு வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதான். நான் அவனை அதட்டினேன்.

தலைமைப் பதவி இயந்திர மேசைக்காரருக்குப் போயிற்று. செய்தி கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே இரண்டாவது மாடிக்குப் போய், மேலதிகாரியின் அறைக்கு வெளியே நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இந்த அலுவலகத்தில் நியாயமே கிடையாதா என்று கேட்டேன். மூக்கம்மா தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏஜெண்ட் சார், சத்தம் போடாதீங்க. கையில இருக்கிற காகிதத்தைக் காட்டுங்க."

காட்டினேன். பெண்கள் இரவு உடுப்பு ஒன்றைப் பகல் உடுப்பு என்று எழுதியிருந்தேன். திருத்திக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை தெருவில் பார்த்தபோது மட்டும், "எனக்காக யாரும் இதுவரைக்கும் அப்படிக் கத்தினதில்லைண்ணா" என்றார். சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

சின்னவன் கடை ஓடுகிறது. பனியனோடு மூக்கம்மா வீட்டுக்கு நன்றி சொல்லப் போனவனை வாசலிலேயே நிறுத்தி, பனியனைத் திருப்பிக் கொடுத்து, தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினாராம். கடையில் பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறான்: 'துவைத்தால் சுருங்கும். ஒரு அளவு பெரிதாக வாங்கவும்.' வியாபாரத்தில் இப்படி உண்மை பேசுகிறவனை நான் பார்த்ததில்லை. எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்று தெரியும்.

பெட்டியண்ணன் மட்டும் மாறிப்போயிருந்தார். இப்போது மாதிரிகளுக்கெல்லாம் உறை வந்துவிட்டது. ஆனாலும் உறையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவார். அந்தம்மாளின் நாற்காலியைப் பறித்தது தான்தான் என்று அவருக்கு ஒரு குறுகுறுப்பு. மூக்கம்மா எத்தனை தடவை பேச்சுக் கொடுத்தாலும், "சரிம்மா" என்ற ஒரு வார்த்தைதான்.

போன மழைக்காலத்தில் மூக்கம்மாவுக்கு மறுபடி சளி. நான் ஒரு கட்டு உடுப்புக் காகிதத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தேன். இன்று வேலை ஆகாது, உறையைப் பிரிக்கவே மாட்டார் என்று எனக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். பெட்டியண்ணன் உறையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, நில்லுங்க."

நின்றார். மூக்கம்மா உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பருத்திச் சட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"எனக்கு இன்னிக்கு மூக்கு வேலை செய்யலை. நீங்க மோந்து சொல்லுங்க."

"நானாம்மா?"

"சோப்பு வாசனை உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

அவர் சட்டையை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, காலரில் ஒரு தடவை, அக்குளில் ஒரு தடவை, கீழ் ஓரத்தில் ஒரு தடவை மோந்தார். பிறகு நிமிர்ந்து, வெகுநாளைக்குப் பிறகு மூக்கம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"புதுசும்மா. தண்ணியே படலை."

"சரி" என்று மூக்கம்மா லென்ஸை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.